தெரிந்த சொல்தான் காலை வாரும்

ஆங்கிலம் ஆரம்பப் பாடப் புத்தகம் என்று கடையில் கிடைப்பவற்றில் பாதிக்கு மேல் ஒரே அச்சு. ஜப்பான்காரருக்கும் அதுதான், பிரேசில்காரருக்கும் அதுதான், ருமேனியருக்கும் அதுதான். முதல் பாடம் ஆம், இஸ், ஆர். அடுத்து எண்கள், நிறங்கள், வாரத்தின் நாட்கள். மாணவன் எந்த மொழியிலிருந்து வருகிறான் என்று புத்தகத்துக்குக் கவலையே இல்லை. ருமேனிய மாணவனுக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று கொஞ்சம் பாருங்கள்.

ருமேனிய மொழி லத்தீனின் பிள்ளை. சுற்றிலும் ஸ்லாவிய மொழிகளும் ஹங்கேரியமும் இருக்க, நடுவில் இத்தாலியனுக்கும் பிரெஞ்சுக்கும் உறவுக்கார மொழி ஒன்று! ஆங்கிலமோ 1066-க்குப் பிறகு பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் ஆயிரக்கணக்கான சொற்களை வாங்கிப் போட்டுக்கொண்டது. அதனால் இம்பார்ட்டன்ட், ப்ராப்ளம், ஹாஸ்பிடல் எல்லாம் ருமேனியருக்கு மனப்பாடம் செய்யாமலே தெரியும். சொல்வளம் பாதி இலவசம். அந்த இலவசத்தில்தான் வம்பு.

ருமேனியத்தில் 'அக்துவால்' என்றால் 'தற்போதைய'. ஆங்கில 'ஆக்சுவல்' என்றால் 'உண்மையான'. 'லிப்ரரியே' என்பது புத்தகக் கடை, 'லைப்ரரி' நூலகம். 'நெர்வோஸ்' என்றால் கோபமாக இருப்பவர், 'நெர்வஸ்' என்றால் பதற்றத்தில் இருப்பவர். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற ரகம். 'எவெந்துவால்' அப்படி இல்லை. ருமேனியத்தில் அது 'முடிந்தால், ஒருவேளை'. ஆங்கில 'எவென்சுவலி'யோ 'கடைசியில் கட்டாயம்'. 'முடிந்தால் வருகிறேன்' என்று சொன்னதாக இவர் நினைக்கிறார், 'எப்படியும் வந்துவிடுவார்' என்று அவர் காத்திருக்கிறார்.

இன்னொன்று இதைவிட மோசம். 'அசிஸ்தா லா' என்றால் ருமேனியத்தில் ஒரு நிகழ்ச்சியில் உடனிருப்பது, பார்ப்பது. ஆங்கில 'அசிஸ்ட்' என்றால் கைகொடுத்து உதவுவது. அறுவை சிகிச்சையை ஓரமாக நின்று பார்த்த பயிற்சி நர்ஸ், வேலைக்கான நேர்முகத்தில் 'ஐ அசிஸ்டட்' என்று சொன்னால் என்ன ஆகும்? பொய் சொல்லும் எண்ணமே இல்லாமல் ஒரு பொய் பதிவாகிவிடும்.

இலக்கணத்துக்கு வந்தால் பெரிய வில்லன் 'ஹேவ்'. ருமேனியத்தில் பேச்சுவழக்கு இறந்தகாலம், ஆங்கிலத்தின் 'ஐ ஹேவ் வொர்க்டு' போலவே கட்டப்படுவது: 'அம் லுக்ராத்'. உருவம் அச்சு அசல், வேலை மட்டும் வேறு. ருமேனியருக்கு அது முடிந்துபோன காரியம். ஐந்து வருடம் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வேலையை விட்டவர் 'ஐ ஹேவ் வொர்க்டு தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்கிறார். கேட்பவர் காதில் 'இன்னும் அங்கேதான் இருக்கிறார்' என்று விழுகிறது. சரி, இன்னும் அங்கேயே இருப்பவர் என்ன சொல்வார்? அவர் மொழியில் அதற்கு நிகழ்காலம், எனவே 'ஐ வொர்க் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. கிட்டத்தட்ட தலைகீழ்!

2007-ல் ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. 2014 ஜனவரி முதல் பிரிட்டனில் தடையில்லாமல் வேலை பார்க்க முடிந்தது. 2020 முடிவோடு அந்த வசதி போய்விட்டது. இப்போது புதிதாக அங்கே வேலை விசா கேட்கும் ருமேனியர் ஆங்கிலம் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். ஆக 'ஹேவ்' வெறும் பரீட்சை மார்க் சமாச்சாரம் இல்லை.

'ருமேனியப் பிள்ளைகள்தான் படம் பார்த்தே நன்றாகப் பேசுகிறார்களே, இலக்கணம் எதற்கு?' என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். அங்கே வெளிநாட்டுப் படங்களுக்குப் பெரும்பாலும் டப்பிங் கிடையாது, கீழே எழுத்து மட்டும் ஓடும். காது நன்றாகப் பழகிவிடுகிறது. ஆனால் தடுமாறிப் பேசுகிறவரிடம் எதிராளி இரண்டாவது முறை கேட்பார். சரளமாகப் பேசுகிறவரிடம் யார் கேட்கிறார்கள்? அவர் சொன்னதையே அவர் நினைத்ததாக எடுத்துக்கொள்வார்கள். சரளம் கூடக்கூட இந்தத் தவறுகளின் விலையும் கூடுகிறது.

'தி' கதை தனி. ருமேனியத்தில் அது சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். 'ஓம்' என்றால் மனிதன், 'ஓமுல்' என்றால் அந்த மனிதன். பொதுவாகப் பேசும்போதும் வால் உண்டு, அதனால் 'தி லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' என்று வரும். தொழிலைச் சொல்லும்போது எதுவும் வேண்டாம், அதனால் 'ஐ ஆம் டீச்சர்'. வேண்டாத இடத்தில் இருக்கும், வேண்டிய இடத்தில் இருக்காது. மழை பெய்கிறது என்பதற்கு அங்கே ஒரே சொல் போதும், எழுவாய் தேவையில்லை. எனவே 'இட்' காணாமல் போய் வெறும் 'இஸ் ரெயினிங்'. பசிக்கு 'மியே ஃபோவாமே', வார்த்தைக்கு வார்த்தை 'எனக்குப் பசி'. இதை 'ஐ ஆம் ஹங்ரி' என்று மாற்றும் சிரமம் நம்மூர் ஆட்களுக்குச் சொல்லாமலே புரியும் :)

கடன் கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் ருமேனியத்தில் ஒரே வினைச்சொல், 'இம்ப்ருமுதா'. லெண்ட், பாரோ இரண்டையும் பிரிக்காமல் நிறங்களும் எண்களும் படித்து என்ன பயன்? கற்பதற்கும் கற்பிப்பதற்கும்கூட ஒரே சொல்தான், 'இன்வத்ஸா'. ருமேனியருக்கான புத்தகத்தின் முதல் பக்கத்தில் 'ஹேவ்' இருக்கட்டும், இரண்டாம் பக்கத்தில் இந்த இரட்டை வேடச் சொற்கள் வரட்டும். வாரத்தின் நாட்கள் பின்னட்டையில் இருந்தால் போதும்.