கோத்திரத்துக்கு விஞ்ஞான வேஷம்

புராணத்தின் பலத்தால் நிற்க முடியாமற்போன புரட்டுகள் எல்லாம் இப்போது விஞ்ஞானத்தின் முதுகில் ஏறிச் சவாரி செய்யப் பார்க்கின்றன. அவற்றுள் ஒன்று கோத்திரம். "தகப்பனிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோமே கோத்திரம், ரிஷிகள் இதை அன்றே அறிந்துதான் ஒரே கோத்திர மணத்தைத் தடுத்தார்கள்" என்று படித்தவர்களே கூசாமல் பேசுகிறார்கள். இதன் யோக்கியதையைச் சற்று ஆராய்வோம்.

பாடப் புத்தகத்தில் பெருக்கல் குறி போலக் காணும் குரோமோசோம், உயிரணு இரண்டாகப் பிரியும் சிறிது நேரத்து உருவம் மாத்திரமே. பிரியாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் உயிரணுவில் அது அவிழ்ந்த நூலாகவே இருக்கிறது. ஓர் உயிரணுவில் உள்ள 46 நூல்களையும் முடிந்து நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அவ்வளவும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவேயுள்ள உட்கருவுக்குள், ஹிஸ்டோன் என்னும் புரத உருண்டைகளின்மேல் சுற்றி அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு நூலுக்கும் அங்கே தனி இடம் உண்டு. வேலைக்கு வேண்டிய பகுதி தளர்ந்திருக்கும்; வேண்டாத பகுதி இறுகியிருக்கும். ஈரலுக்கும் மூளைக்கும் நூல் ஒன்றே. தளர்வதும் இறுகுவதுமே வேறு.

இந்த 46இல் 23 தாய் கொடுத்தவை; 23 தகப்பன் கொடுத்தவை. ஒய் என்பது ஆணிடம் உள்ள ஒரே ஒரு நூல். மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு. அதுதான் குலம் என்றால் மற்ற 99 பங்கும் யார் வீட்டுச் சொத்து? பெண்ணுக்கோ ஒய் கிடையவே கிடையாது. அப்படியிருக்க, கன்னிகாதானத்தில் அவளுடைய கோத்திரத்தை மாற்றிக் கொடுப்பதாகச் சொல்கிறார்களே, இல்லாததை எப்படி மாற்றுவது?

பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் நூல்கள் உண்டு. 1949இல் கனடாவில் முர்ரே பார் என்பவரும் அவர் மாணவர் பெர்ட்ராமும், பெண் பூனையின் நரம்பணுக்களில் ஒரு சிறு கரும்புள்ளியைக் கண்டார்கள். அது சுருண்டு ஓய்ந்த ஓர் எக்ஸ் என்பது பின்னர் விளங்கிற்று. சில அணுக்களில் தகப்பன் கொடுத்தது சுருளும், சிலவற்றில் தாய் கொடுத்தது சுருளும் என்று 1961இல் ஆங்கில விஞ்ஞானி மேரி லயன் அம்மையார் எடுத்துக் காட்டினார். எது சுருளுவது என்பது தற்செயல். தகப்பன் நூலுக்கென்று இயற்கை தனிப் பீடம் போட்டு வைக்கவில்லை.

திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்கு அமாவாசைதோறும் ஜனங்கள் திரள்கிறார்கள். கோயில்களில் அர்ச்சனைக்குக் கோத்திரம் தெரியாது என்றால், "விஷ்ணு கோத்திரம்", "சிவ கோத்திரம்" என்று ஏதாவதொன்றைச் சொல்லி முடிப்பது வழக்கம். தத்துக் கொடுத்தாலோ பிள்ளையின் கோத்திரமே மாறிவிடுகிறது. வாய்ச் சொல்லால் வருவதும் போவதும் உயிரணுவுக்குள் இருக்கும் நூலாகுமா என்று கேட்கிறோம்.

"நெருங்கிய இரத்தம் கலவாதிருக்கவே இந்த ஏற்பாடு" என்பார்கள். அக்காள் மகளை மாமனுக்குக் கட்டி வைக்கும்போது, கோத்திரம் வேறு என்று புரோகிதர் தாராளமாய் மந்திரம் ஓதுகிறாரே! அவ்விருவருக்கும் நூல்களில் சராசரி நாலில் ஒரு பங்கு பொது. பரம்பரை நோய்க்கு அஞ்ச வேண்டிய இடம் அதுவே. பத்துத் தலைமுறைக்கு முன் பிரிந்தவர்களுக்குத் தடை. ஒரே வீட்டு இரத்தத்துக்கு ஆசீர்வாதம்! இதுவா ரிஷிகள் கண்ட விஞ்ஞானம்?

இது வெறும் வாய்ச்சண்டையன்று. ஒரே கோத்திரத்தார் மணந்தால் செல்லும் என்று 1946இலேயே சட்டம் வந்துவிட்டது. அதற்கு 61 ஆண்டுகள் கழித்து, 2007இல், ஹரியானாவில் அப்படி மணந்த மனோஜும் பப்ளியும் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைப் புத்திக்குத்தான் இன்று ஆராய்ச்சிக்கூட அங்கி மாட்டுகிறார்கள்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரே இயந்திரத்தின் முன் நிற்கும் தமிழ்த் தோழரையும் பீகார்த் தோழரையும் ஒடிசாத் தோழரையும் சோதித்துப் பார்த்தாலும், அதே நூல், அதே உருண்டை, அதே சுற்றுதான். அங்கே உழைத்து, தாமே துணை தேடிக்கொள்ளும் இளைஞர்களும் பெண்களும், கோத்திரம் கேட்டு வருபவனை, "எந்த நூலில் எழுதியிருக்கிறது, காட்டு" என்று திருப்பிக் கேட்க வேண்டுமென வேண்டிக் கொள்கின்றோம்.