கையெழுத்துப் போடும் முன்...



ஆண்டு மலர் என்றால் நட்பு, காதல், அரியர்ஸ் என்று எழுத ஆள் நிறைய உண்டு. நான் ஒரு கரிக்குப்பை மேட்டைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காமல் படியுங்கள்.

நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து கரியோடு கல்லும் களிமண்ணும் சேர்ந்தே வெளியே வரும். கரியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஓரமாகக் கொட்டுவார்கள். கொட்டக் கொட்ட அது மலையாகிவிடும். உள்ளே தண்ணீர் புகாதவரை பேசாமல் நிற்கும். புகுந்துவிட்டால் துகள்களுக்கு நடுவே நீரின் அழுத்தம் ஏறி, ஒன்றையொன்று பிடித்திருந்த பிடி விட்டுப்போகும். சாயில் மெக்கானிக்ஸில் ரெண்டு மார்க் கேள்வியாக மனப்பாடம் செய்கிறோமே, அதேதான்!

வேல்ஸ் நாட்டில் அபர்வான் என்று ஒரு சுரங்க ஊர். ஊருக்கு மேலே மலைச்சரிவில் ஏழாம் எண் மேட்டை 1958-இல் கொட்ட ஆரம்பித்தார்கள். கொட்டியது நீரூற்றின் மேலே. அந்த ஊற்று சர்வே வரைபடத்திலேயே இருந்தது. 1966 அக்டோபர் 21, காலை ஒன்பதே கால் மணி. மேடு சரிந்து, கூழாக ஓடிவந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. செத்தவர்கள் 144 பேர். அதில் 116 பேர் குழந்தைகள். அன்றோடு பள்ளிக்கு லீவு விட இருந்தார்களாம். ஊற்று இருந்ததே தெரியாது என்றார் நிலக்கரி வாரியத் தலைவர். ஊர் ஜனங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது! 1967-இல் விசாரணை மன்றம் வாரியத்தின் மேல்தான் குற்றம் என்றது. ஆனால் ஒருத்தருக்கும் வேலை போகவில்லை.

அமெரிக்காவிலும் பட்டுத்தான் திருந்தினார்கள். 1972-இல் மேற்கு வர்ஜீனியாவில் கரிக்கழிவால் கட்டிய அணை உடைந்து 125 பேர் மாண்டார்கள். 1977-இல் சட்டம் வந்தது. அதன்படி அமைந்த விதிகளில், மேட்டுக்கு மேற்புறமிருந்து வரும் மழைநீரைத் தனி வாய்க்காலில் திருப்பிவிட வேண்டும். நூறாண்டுக்கு ஒருமுறை பெய்யக்கூடிய ஆறு மணி நேர மழையை அந்த வாய்க்கால் தாங்க வேண்டும். அடியில் ஊற்றோ கசிவோ இருந்தால் அடிவடிகால் போட வேண்டும். மீறினால் நோட்டீஸ், பொதுவாகத் தொண்ணூறு நாளுக்குள் சரிசெய்தாக வேண்டும்.

இந்தச் 'சரிசெய்தல்' என்ற வார்த்தையில்தான் எனக்குச் சண்டை. அடியில் இருக்கும் குட்டையைத் தூர்வாரி, தண்ணீரில் சுண்ணாம்பைக் கொட்டி, போட்டோ எடுத்து ஃபைலில் வைத்தால் நோட்டீஸுக்குப் பதில் ஆகிவிடும். மேட்டுக்கு ஆகுமா? மேலே உடைந்த வாய்க்கால் உடைந்தபடியே இருக்க, மழைத்தண்ணீர் மேட்டுக்குள்தானே இறங்கும்? முதலில் மேலிருந்து வரும் தண்ணீரை மறிக்கணும். பிறகு உள்ளே இருப்பதை வடிக்கணும். கடைசியில்தான் கீழ்க்குட்டை.

எங்க அப்பா வரப்பு வெட்டும் கூலி. கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். இதை அவரிடம் சொன்னேன். "மேல வாய்க்காலத் திருப்பாம கீழ கரையப் போட்டா எத்தினி நாளைக்குடா நிக்கும்? இதப் படிக்கவா மூணு வருசம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

"நாம வெறும் டிப்ளமோ, முடிவெடுக்கிறது இஞ்சினியர்தானே?" என்பார்கள் நண்பர்கள். இதை நான் ஒப்பமாட்டேன். அபர்வானில் அன்று காலை மேட்டின் உச்சி உள்வாங்கியிருப்பதை முதலில் பார்த்தவர்கள் அங்கே வேலை செய்த தொழிலாளிகள்தான். வாய்க்கால் பக்கத்தில் நிற்பவனுக்குத்தான் வாய்க்கால் தெரியும். நாளைக்கு அங்கே நிற்கப்போவது நாம்தான், அண்ணே! ஆய்வுப் பதிவேட்டில் முதல் கையெழுத்தும் நம்முடையதுதான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன லீவில் ஒரு சாலை வேலையில் இன்பிளான்ட் டிரெயினிங் போனேன். வடிகால் சுத்தமாக இருக்கிறதா என்ற கட்டத்தில் "டிக் போட்டுட்டு வா தம்பி, மழையா வருது?" என்றார் மேற்பார்வையாளர். நானும் பார்க்காமலே டிக் போட்டு, பக்கத்தில் பெயரைச் சுருக்கி எழுதினேன். எங்கள் வீட்டில் ஒருவர் அரசாங்கத் தாளில் போட்ட முதல் கையெழுத்து அது. பெருமையாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். குழாயில் பாதிக்கு மேல் மண். திங்கட்கிழமை போய்ச் சொன்னேன். "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்றார். பதிவேட்டைக் கேட்டேன், தரவில்லை. என் டிக் இன்னும் அதில்தான் இருக்கிறது.