கண் சொக்கினால் மணி அடிக்கும். அந்த மணி யாருடையது?

அரியலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு டிப்பர் லாரியைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமென்ட் ஆலையும் இருக்கிற ஊரில் ராத்திரி, பகல் என்ற வித்தியாசமே லாரிக்குக் கிடையாது. எங்கள் கங்கைகொண்ட சோழபுரத்தை ஒட்டிப் போகும் திருச்சி - சிதம்பரம் சாலையிலும், பெரம்பலூர் வழியாகச் சென்னை போகும் நெடுஞ்சாலையிலும் விடியற்காலை இரண்டு மணிக்கு மேல் ஸ்டீயரிங் பிடித்திருப்பவருக்கு முதல் எதிரி அவருடைய கண்ணிமைதான். நம் மாநிலத்தில் பல மாவட்டங்களில் போலீஸ்காரர்களே ராத்திரியில் வண்டியை நிறுத்தி, டிரைவரை முகம் கழுவ வைத்து, டீ கொடுத்து அனுப்புகிறார்கள். நல்ல காரியம். ஆனால் ஒரு கிளாஸ் டீ எத்தனை கிலோமீட்டருக்குத் தாங்கும்?

டீக்கு அடுத்த கட்டம் இப்போது வருகிறது. 2025 மார்ச்சில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு வரைவு விதி வெளியிட்டது. பேருந்துகளிலும், மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளிலும், டிரைவருக்குத் தூக்கம் வருவதைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் கருவி இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு அம்சம். ஐரோப்பாவில் இது 2022 ஜூலையில் புதிய மாடல்களுக்கும், 2024 ஜூலையில் எல்லாப் புது வண்டிகளுக்கும் கட்டாயமாகிவிட்டது.

"காமர்ஸ் படிக்கிற பையனுக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்கலாம். இருக்கிறது. இந்தக் கருவியின் முக்கியமான பாகம் கேமராவும் இல்லை, மணியும் இல்லை. காப்புரிமை, அதாவது பேட்டன்ட். அங்கேதான் எனக்குக் கவலை.

முதலில் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். இரண்டு வழி உண்டு. ஒன்று, டிரைவரைப் பார்க்காமல் வண்டியைப் பார்ப்பது. தூக்கம் வரும்போது ஸ்டீயரிங் கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கும், பிறகு திடீரென்று வெட்டித் திருப்புவார்கள். வண்டி கோட்டை விட்டு விலகும். 2007இல் வால்வோவும் 2009இல் மெர்சிடிஸும் கொண்டு வந்தவை இந்த வகை. இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, கேமராவால் முகத்தையும் கண்ணிமையையும் கவனிப்பது. டொயோட்டா 2006இலேயே ஜப்பானில் டிரைவரின் முகத்தைக் கவனிக்கும் கேமரா வைத்தது. இமை 80 சதவீதத்துக்கு மேல் மூடியிருக்கும் நேரம் எவ்வளவு என்ற கணக்குதான் இந்த வகைக்கு அடிப்படை. அந்தக் கணக்கு 1990களில் அமெரிக்காவில் பெரும்பாலும் அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சியில் உருவானது. ஆக அடித்தளம் பொதுச் சொத்து. அதன் மேல் கட்டிய மாடிகளுக்குத்தான் ஆளாளுக்குப் பட்டா!

அந்தப் பட்டாச் சண்டையும் தொடங்கிவிட்டது. லாரி கம்பெனிகளுக்கு டிரைவரைக் கவனிக்கும் கேமரா விற்கும் இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் சம்சாரா, மோட்டிவ். 2024 ஜனவரியில் சம்சாரா காப்புரிமை மீறல் என்று மோட்டிவ் மீது வழக்குப் போட்டது. பதிலுக்கு மோட்டிவும் வழக்குப் போட்டது. (பெயர்தான் சம்சாரா, இது குடும்பச் சண்டை இல்லை!)

"அமெரிக்காக்காரன் அடித்துக்கொண்டால் நமக்கென்ன?" என்று விட முடியாது. வாகனக் காப்புரிமைச் சண்டை நம் வீட்டிலேயே நடந்திருக்கிறது. 2007இல் டிவிஎஸ் 'ஃபிளேம்' என்ற 125 சிசி பைக்கை அறிவித்தது. சின்ன எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக் வைப்பது எங்கள் காப்புரிமை என்று பஜாஜ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2008 பிப்ரவரியில் தடை. டிவிஎஸ் ஒரே பிளக்குடன் பைக்கை விற்றது. 2009 மே மாதம் டிவிஷன் பெஞ்ச் தடையை நீக்கியது. அதே செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், விற்கலாம், ஆனால் விற்ற கணக்கைச் சரியாக வைத்திருக்க வேண்டும் என்றது. இது போன்ற வழக்குகளை நாள்தோறும் விசாரித்து நான்கு மாதத்தில் முடியுங்கள் என்றும் சொன்னது. ஆனால் இரு தரப்பும் சமாதானமானது 2019இல்! காப்புரிமையின் ஆயுளே 20 வருடம். அதில் 12 வருடம் வழக்கிலேயே போனது.

இந்தக் கதையில் நமக்கு ஒரு ஆறுதல் உண்டு. ஃபிளேம் பிடிக்கவில்லையென்றால் கடையில் வேறு பைக் இருந்தது. வாங்காமலே இருந்திருந்தாலும் யாரும் அபராதம் போட மாட்டார்கள். தூக்க எச்சரிக்கைக் கருவி அப்படி இல்லை. அதை வாங்கச் சொல்வது சட்டம். விலை ஏறினால் வாங்குவது குறையும் என்பது பொருளாதாரத்தில் முதல் வருடப் பாடம். அரசே "வாங்கித்தான் ஆக வேண்டும்" என்று சொல்லிவிட்டால் அந்தப் பாடம் அங்கே செல்லாது. காப்புரிமை விற்பவர்களைக் குறைக்கிறது, கட்டாய விதி வாங்குபவர்களைக் கட்டிப் போடுகிறது. இரண்டும் சேர்ந்தால் விலையை யார் வைப்பார்? சுமையைத் தாங்கப் போவது 500 லாரி வைத்திருக்கும் கம்பெனி அல்ல. கடன் வாங்கி ஒரே ஒரு லாரி ஓட்டும் ஆள்.

விலை மட்டும் பிரச்சினை இல்லை, பொருத்தமும் பிரச்சினை. ஐரோப்பிய விதிப்படி இந்தக் கருவி மணிக்கு 70 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் தானாக வேலை செய்ய வேண்டும். கல் ஏற்றிய நம் டிப்பர் 70ஐத் தொடுவது எப்போது? வண்டி கோட்டை விட்டு விலகுவதை அளக்கலாம் என்றால், ஜெயங்கொண்டத்தைச் சுற்றியுள்ள கிராமச் சாலைகளில் முதலில் கோடு வேண்டும். 40 கி.மீ. வேகத்தில், கோடில்லாத சாலையில், புழுதி படிந்த கண்ணாடிக்குள் தூங்கி விழும் டிரைவருக்கான கருவியை ஜெர்மனியில் உட்கார்ந்து யாரும் செய்ய மாட்டார்கள். ஓசூரிலோ கோயம்புத்தூரிலோ ஒரு சின்னக் கம்பெனி செய்யலாம். அது செய்யத் துணியும்போது வக்கீல் நோட்டீஸ் வந்து நின்றால், நஷ்டம் அந்தக் கம்பெனிக்கு மட்டுமா?

சரி, போட்டி ஆணையம் இருக்கிறதே என்றால், அந்தக் கதவும் ஏறக்குறைய சாத்தியாகிவிட்டது. எரிக்ஸன் வழக்கில் 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம், காப்புரிமைதாரர் தன் உரிமையைப் பயன்படுத்தும் விதம் பற்றிய புகார்கள் காப்புரிமைச் சட்டத்துக்குள் வருபவை, போட்டி ஆணையம் விசாரிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே தீர்வையும் காப்புரிமைச் சட்டத்துக்குள்தான் தேட வேண்டும்.

அங்கே தீர்வு இருக்கிறது. 1970ஆம் வருடச் சட்டத்தின் 84ஆவது பிரிவின்படி, காப்புரிமை கொடுத்து மூன்று வருடம் கழிந்தும் பொருள் நியாயமான விலைக்குக் கிடைக்கவில்லை என்றால், மற்றவர்களும் தயாரிக்கக் கட்டாய உரிமம் கொடுக்கலாம். 2012இல் பேயர் கம்பெனியின் புற்றுநோய் மருந்துக்கு இப்படித்தான் நாட்கோவுக்கு உரிமம் கிடைத்தது. மாதம் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்த செலவு 8,800 ரூபாய்க்கு இறங்கியது. பேயருக்கும் விற்பனையில் 6 சதவீதம் ராயல்டி. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2013இல் அதை 7 சதவீதமாக்கியது. கண்டுபிடித்தவருக்கும் கூலி, நோயாளிக்கும் மருந்து. இதில் என்ன தப்பு?

"இப்படிச் செய்தால் யார் ஆராய்ச்சிக்குப் பணம் போடுவார்கள்?" என்பது நியாயமான கேள்வி. பணம் போட்டவருக்குக் கூலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூலி கேட்பது வேறு, கதவைப் பூட்டுவது வேறு. 1959இல் மூன்று முனை சீட் பெல்ட்டைக் கொண்டு வந்த வால்வோ, காப்புரிமை வைத்திருந்தும் எல்லாக் கம்பெனிகளும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டது. எல்லோரும் அவ்வளவு பெரிய மனசு காட்ட வேண்டியதில்லை. நியாயமான ராயல்டி வாங்கிக்கொண்டு உரிமம் கொடுத்தால் போதும்.

என் கருத்தில் அரசு செய்ய வேண்டியவை இரண்டு. விதியும் தரநிலையும் முடிவை மட்டும் அளக்க வேண்டும், வழியைச் சொல்லக் கூடாது. "இந்த அளவு தூக்கத்தில் எச்சரிக்க வேண்டும்" என்றால் பத்துப் பேர் பத்து விதமாகச் செய்வார்கள். "இந்த இடத்தில் இப்படிப்பட்ட கேமரா" என்றால் சாவி ஒருவர் கைக்குப் போய்விடும். அடுத்தது, விதியைப் பின்பற்ற ஒரு காப்புரிமை தேவைப்பட்டால், அதன் சொந்தக்காரர் முன்கூட்டியே அறிவித்து, உரிமத்துக்கு என்ன கேட்பார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எஞ்சினியரிங் படிக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. இந்தியாவில் வாங்காத காப்புரிமை இந்தியாவில் செல்லாது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம்தான் ஆயுள். 2006, 2007இல் சாலைக்கு வந்த முறைகளின் ஆரம்பக் காப்புரிமைகள் முடிகிற காலம் இது. இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எது பூட்டியிருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று தெரியாமலே பலர் பயந்து ஒதுங்குகிறோம்.

எந்த மணியும் தூக்கத்துக்கு ஈடாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961இலேயே நாளுக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று சொல்லிவிட்டது. அதைக் காப்பாற்றாமல் மணியை மட்டும் மாட்டினால், விடிய விடிய ஓட்டச் சொல்ல முதலாளிக்கு அது இன்னொரு சாக்காகிவிடும்.

ராஜேந்திர சோழன் எங்கள் ஊரில் சோழகங்கம் என்ற பெரிய ஏரியை வெட்டினான். ஆயிரம் வருடமாக அவன் பெயர் நிற்கிறது. ஏரி வெட்டியவருக்குப் பெயரும் கொடுக்கலாம், வரியும் கொடுக்கலாம். மதகைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ள மட்டும் விடக் கூடாது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?