பழியை நோயாளி மேல் போடாதீர்கள்

சுகர் என்று தெரிந்ததும் ஒருவர் வீட்டில் கேட்கும் முதல் வார்த்தை, "வாயைக் கட்டியிருந்தால் இது வந்திருக்குமா?" என்பதுதான். தொப்பை உள்ளவர் என்றால் சில மருத்துவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். இது அநியாயம், அறிவியலுக்கும் பொருந்தாதது.

1993-இல் அமெரிக்காவில் ஹோடாமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் ஆகியோர் பருமனான எலிகளின் கொழுப்புத் திசுவில் டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதம் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். அதை முடக்கியதும் இன்சுலின் முன்னைவிட நன்றாக வேலை செய்தது. கொழுப்பு, மிஞ்சிய சோற்றைப் போட்டுவைக்கும் குதிர் மட்டுமே என்ற எண்ணம் அன்றோடு ஆட்டங்கண்டது. 2003-இல் வெளியான ஆய்வுகள் இன்னும் துல்லியமாகச் சொல்லின: பருமன் கூடக்கூட கொழுப்புத் திசுவுக்குள் மேக்ரோபேஜ் எனும் நோய் எதிர்ப்பு அணுக்கள் குவிகின்றன.

உள்ளே நடப்பது இதுதான். அளவுக்கு மீறி உப்பிய கொழுப்பணுவுக்கு ஆக்சிஜன் போதாமல் போகிறது. சில அணுக்கள் சாகின்றன. செத்த அணுவைச் சுற்றி மேக்ரோபேஜ்கள் வளையம் கட்டுகின்றன. அழற்சியைத் தூண்டும் புரதங்கள் பெருகி, கல்லீரலிலும் தசையிலும் இன்சுலினின் கட்டளை அணுவுக்குள் இறங்காதபடி மறிக்கின்றன. சர்க்கரை ரத்தத்திலேயே தேங்குகிறது. ஈடுகட்டச் சுரந்து சுரந்து கணையம் ஓய்கிறது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை; ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. அழற்சி மட்டுமே காரணம் என்று சொல்லவில்லை; டிஎன்எஃப்பை மட்டும் தடுத்துப் பார்த்த மனித ஆய்வுகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆனால், இதை மன உறுதியின் குறைபாடு என்று இனி யாரும் சொல்ல முடியாது.

2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் மதிப்பீட்டில் இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். பெரியவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன். கை, கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய நம் ஊர் உடம்பிலும் இதே அழற்சி உண்டு. இத்தனை கோடிப் பேருக்கும் ஒரே காலத்தில் நாக்கு நீண்டுவிட்டதா?

உணவும் நடையும் பயன் தரும் என்பதில் ஐயமில்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் வாசலில் இருந்தவர்களுக்கு வாழ்க்கைமுறை மாற்றத்தால் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களைத் தொடர்ந்து விசாரித்து வழிகாட்ட ஆட்கள் இருந்தார்கள். இன்று அந்தத் துணை யாருக்குக் கிடைக்கிறது?

2021-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுபோய்த் தருகிறது, மனதாரப் பாராட்டுகிறோம். அதே தெருக் கடையில் தொங்கும் பிஸ்கட் பாக்கெட்டின் முகப்பில் கோதுமைக் கதிர் படம்; சர்க்கரையின் அளவோ பின்பக்கம், ஒட்டுமடிப்பை ஒட்டிப் பொடி எழுத்தில். சிலி 2016-லேயே கறுப்பு எண்கோண எச்சரிக்கையை முகப்பில் கட்டாயமாக்கியது. நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2022-இல் நட்சத்திரத் தரவரிசையை முன்மொழிந்தது. கேடு தரும் பண்டத்துக்கும் அரை நட்சத்திரமாவது உண்டு. மக்கள் உடல்நலத்தைக் காக்க வேண்டிய அமைப்பு விற்பவருக்குப் பதக்கம் குத்துவது கடமை தவறுதல்.

நட்சத்திர யோசனையைக் கைவிட்டு, சர்க்கரை, உப்பு, கொழுப்பு மிகுந்த ஒவ்வொரு பாக்கெட்டின் முகப்பிலும் எச்சரிக்கை முத்திரையை ஒன்றிய அரசு கட்டாயமாக்க வேண்டும். மாத்திரையோடு வீடு செல்லும் ஊழியரின் கையில் இடுப்பளவு நாடாவும், உட்கார்ந்து பேச நேரமும் இருக்கும்படி மாநில அரசு செய்ய வேண்டும்.