கடவுச்சொல் விதிகளைச் சீரமைக்கக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்: ராயபுரம் முதல் எண்ணூர் வரை வசிக்கும் ஓய்வுபெற்ற தொழிலாளர்களின் சங்கத்தார்.

பெறுநர்: செயலாளர் அவர்கள், மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், புதுதில்லி.

மகாகனம் பொருந்திய ஐயா,

துறைமுகத்தில் மூட்டை சுமந்தும், ஆலைகளில் இரவு ஷிப்டு பார்த்தும், காசிமேட்டில் ஐஸ் உடைத்தும் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, இன்று சேமிப்பையும் ஓய்வூதியத்தையும் நம்பி ஜீவனம் நடத்தும் எங்கள் அங்கத்தினர்கள், தங்கள் பணத்தின் விவரமறியக் கணினியிடம் கடவுச்சொல் ஒப்பிக்க வேண்டியிருப்பதை ஆட்சேபிக்கவில்லை. வீட்டுக்குப் பூட்டு வேண்டாமென்று யாரும் சொல்லமாட்டார். பூட்டின் சாவி தெருவில் கிடக்கும்படி விதி அமைந்திருப்பதே எங்கள் விசனம்.

கண்ணால் கண்டதைத் தங்கள் சமூகத்தில் வைக்கிறோம். திருவொற்றியூர் தேரடிப் பக்கத்துப் பிரவுசிங் சென்டர் ஒன்றில், கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டில், வாடிக்கையாளர் பெயர்களும் எதிரே அவரவர் பாஸ்வேர்டும் எழுதப்பட்டிருக்கின்றன. பாய்லர் பிரிவில் முப்பது வருஷம் உழைத்த எங்கள் அங்கத்தினர் ஒருவரின் வரியில், பேத்தியின் பெயரும் ‘அட்’ குறியும் 1 என்ற எண்ணும் அடிக்கப்பட்டு, பிறகு 2, பிறகு 3 என்று ஆறு அடித்தல்கள் நடந்து, இப்போது 7 நிற்கிறது. அவர் வருஷத்துக்கு இரண்டு தடவையே உள்ளே போகிறவராதலால், போகும்போதெல்லாம் பழையது காலாவதியாகி, புதியது கேட்கப்படுகிறது. அடுத்தது 8 என்பதை ஊகிக்கத் திருடனுக்குச் சாமர்த்தியம் வேண்டுமா? கடைக்காரர் யோக்கியர்தாம், ஆனால் அவர் கடையைக் காலி செய்யும் நாளில் அந்த நோட்டு எந்தப் பழைய பேப்பர் வியாபாரியிடம் போகுமென்று யார் ஜாமீன் நிற்பது?

பெரிய எழுத்து, எண், விசேஷக் குறி, குறித்த காலத்தில் மாற்றம் என்னும் சம்பிரதாயத்துக்கு மூலமான வழிகாட்டியை 2003-இல் அமெரிக்கத் தேசியத் தரங்கள் மற்றும் தொழில்நுட்பக் கழகத்துக்காக எழுதிய பில் பர் என்பவரே, அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக 2017-இல் பத்திரிகைக்குத் தெரிவித்தார். அதே ஆண்டில் அக்கழகம், கசிவு நேர்ந்ததற்கு அறிகுறியின்றி மாற்றச் சொல்ல வேண்டாமென்று எழுதியது. 2025-இல் அதைக் கட்டாய விதியாகவே ஆக்கிவிட்டது. மூலகர்த்தாவே கைவிட்ட சம்பிரதாயத்தை நாம் ஏன் கட்டிச் சுமக்க வேண்டும்?

ஆகவே, காலக்கெடு வைத்துக் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும் முறையை நிறுத்தி, கசிந்ததாகத் தெரிந்தால் மட்டும் மாற்றச் சொல்லவும், குறிகளைக் கட்டாயப்படுத்தாமல், நாலைந்து சாதாரணச் சொற்கள் சேர்ந்த நீண்ட தொடரை, இடைவெளியோடும் தமிழ் எழுத்திலும் ஏற்கவும், திருடர் கையில் ஏற்கெனவே சிக்கியுள்ள எளிய சொற்களைத் தளமே நிராகரிக்கவும் உத்தரவிடக் கோருகிறோம். விரல்ரேகையும் ஓ.டி.பி.யும் இருக்கின்றனவே என்பாருக்கு ஒரு வார்த்தை: நாற்பது வருஷம் இரும்பைப் பிடித்த விரலில் ரேகை தேய்ந்துவிடுகிறது, ஓ.டி.பி. வரும் போனோ பல வீடுகளில் மகனோடு வேலைக்குப் போய்விடுகிறது. எனவே, மறந்தவர் அடையாள அட்டையுடன் நேரில் வந்து புதுப்பித்துக்கொள்ள, இ-சேவை மையங்களில் தனிச் சாளரம் ஒன்று அவசியம். அங்கே விசைகளை அட்டைக்குரியவரே அழுத்த வேண்டும், ஊழியர் அல்ல.

புதிய விதியைத் தாங்கள் வகுக்குமுன், எங்கள் அங்கத்தினர் நால்வரைக் கணினியின் முன்னே உட்காரவைத்து, அவர்கள் உள்ளே நுழைவதை ஒருமுறை நேரில் பார்க்கும்படி பிரார்த்திக்கிறோம்.

இங்ஙனம்,
சங்கத்தின் செயற்குழுவினர்,
திருவொற்றியூர்.