நடுவே விடுபட்ட அரங்கு

சிங்கப்பூரின் மரீனா விரிகுடாக் கரையில் எஸ்பிளனேட் கலையரங்கம் 2002 அக்டோபரில் திறந்தபோது ஊரே அதன் கூரையைப் பற்றித்தான் பேசியது. 7,000க்கும் மேற்பட்ட அலுமினியத் தகடுகள் முள் முள்ளாக நிற்க, ‘டுரியான்’ பழம் என்று கேலியாகப் பெயர் சூட்டிவிட்டார்கள். கண்ணாடிக்குள் வெயில் இறங்காமல் தடுக்கும் தகடுகள் அவை. கேலிக்கு அஞ்சி எடுத்திருந்தால் உள்ளே வெந்திருப்பார்கள்.

என் குறை கூரையில் இல்லை, உள்ளே இருக்கிறது. 60 கோடி சிங்கப்பூர் வெள்ளி செலவில் 1,600 பேருக்கு ஓர் இசையரங்கு, ஏறத்தாழ 2,000 பேருக்கு ஒரு நாடக அரங்கு. இவை போக, 200 சொச்சம் பேர் அமரும் இரண்டு சிற்றரங்குகள். உள்ளூர் நாடகக் குழுவுக்குப் பெரிய அரங்கு கட்டுப்படியாகாது, சிற்றரங்கு போதாது. பெரிய மேடையை நிரப்ப லண்டனிலிருந்து ஆள் வரவேண்டும். கட்டும்போதே கலைஞர்கள் இதைச் சொன்னார்கள். நடுத்தர அளவில், 550 பேர் அமரும் நீர்முக அரங்கு வந்ததோ 2022இல்தான். 20 ஆண்டு! ஒரு தலைமுறை நடிகர்கள் அதற்குள் நரைத்துவிட்டார்கள்.

ஆனால் விரிகுடாவைப் பார்த்த திறந்தவெளி மேடையில் யாரும் காசில்லாமல் பாட்டுக் கேட்கலாம். ஆண்டுதோறும் நடக்கும் கலா உத்சவத்தில் பரதமும் கர்நாடக இசையும் இங்கே அரங்கேறுகின்றன. தேசியக் கலையரங்கம் கட்டக் கிளம்பும் நாடுகள் கூரையைப் படமெடுத்துப் போகின்றன. இருக்கைக் கணக்கை அல்லவா கேட்டுப் போகவேண்டும்?