தோற்றாலும் சிரிக்கத் தெரிந்தவர்கள்

தன் டீம் ஒரு சாதனை படைக்க வேண்டும், அதை வேறு யாரும் முறியடித்துவிடக் கூடாது. எந்த ரசிகராக இருந்தாலும் இதைத்தான் வேண்டிக்கொள்வார். 2021 ஜனவரியில் பெர்லின் நகரத்து டாஸ்மானியா கிளப்பின் ரசிகர்களும் அப்படித்தான் வேண்டிக்கொண்டார்கள். ஒரே ஒரு வித்தியாசம். அவர்கள் கட்டிக்காக்க நினைத்தது, ஜெர்மன் லீக் கால்பந்தின் மிக மோசமான தோல்விச் சாதனை!

ஜெர்மனியின் முதல் டிவிஷன் லீகுக்குப் பெயர் பண்டஸ்லிகா. 18 டீம்கள், ஆளுக்கு 34 போட்டிகள். 2013 முதல் 2023 வரை தொடர்ந்து 11 வருடம் பேயர்ன் மியூனிக் டீம்தான் சாம்பியன். கோப்பை யாருக்கு என்பது ஆகஸ்ட்டிலேயே தெரிந்துவிட்டால், மற்ற 17 டீம்களின் ரசிகர்கள் மே மாதம் வரை என்ன செய்வார்கள்? சிரிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

827 பேர்

டாஸ்மானியாவின் கதை 1965-ல் ஆரம்பிக்கிறது. அப்போது பண்டஸ்லிகாவுக்கு வயது இரண்டு. வீரர்களுக்கு விதியை மீறிப் பணம் கொடுத்தார்கள் என்று ஹெர்த்தா பெர்லின் கிளப்பை லீகிலிருந்து நீக்கிவிட்டார்கள். நாடே பிரிந்து, குறுக்கே சுவர் எழும்பியிருந்த காலம். மேற்கு பெர்லினிலிருந்து ஒரு டீம் கூட இல்லாமல் லீக் நடத்துவதா? அந்த இடத்தில் டாஸ்மானியாவை உட்கார வைத்தார்கள். சீசன் தொடங்க இரண்டே வாரம்தான் பாக்கி. விடுமுறைக்குப் போன வீரர்கள் அலறியடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

முதல் போட்டிக்கு 80 ஆயிரத்துக்கும் அதிகமான கூட்டம். டாஸ்மானியா 2-0 என்று ஜெயித்தது. ஆஹா என்றது பெர்லின். அந்த 'ஆஹா'தான் கடைசி. அதற்குப் பிறகு 31 போட்டிகளில் ஒரு வெற்றி கூட இல்லை. 1966 ஜனவரியில் அதே ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்கு ஆட்டம் பார்க்க வந்தவர்கள் மொத்தம் 827 பேர். கூட்டம் குறைந்ததில் பதற்றமும் குறைந்ததோ என்னவோ, அன்றைக்குத் தோற்காமல் 0-0 என்று டிரா செய்தார்கள்.

சீசன் முடிவில் கணக்கு இதுதான்: 2 வெற்றி, 4 டிரா, 28 தோல்வி. அடித்த கோல் 15, வாங்கிய கோல் 108. 1973-ல் கிளப்பே திவாலானது. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு பிறகு உருவான கிளப், கீழ் டிவிஷன்களில் ஆடிக்கொண்டிருக்கிறது.

55 வருடம் கழித்து வந்தது ஆபத்து. ஷால்கே என்ற பெரிய கிளப், தொடர்ந்து 30 போட்டிகளில் ஜெயிக்காமல் வந்து நின்றது. இன்னும் ஒன்று போனால் சாதனை சமன். இரண்டு போனால் டாஸ்மானியாவின் பெயர் அடிபட்டுப் போகும். ஊர் தங்களை ஞாபகம் வைத்திருப்பதற்கு இருந்த ஒரே காரணமும் பறிபோவதா? டாஸ்மானியாக்காரர்கள் ஷால்கேவின் வெற்றிக்காக வேண்டிக்கொண்டார்கள். ஜனவரி 9-ம் தேதி, மேத்யூ ஹாப்பே என்ற 19 வயது அமெரிக்கப் பையன் மூன்று கோல் அடிக்க, ஷால்கே 4-0 என்று ஹாஃபன்ஹைமை வென்றது. நிம்மதிப் பெருமூச்சு இரண்டு ஊர்களிலிருந்து கிளம்பியது.

நாலு நிமிட சாம்பியன்

ஷால்கே ரசிகர்களுக்கு இதெல்லாம் பழகிப்போன வேதனை. 2001 மே 19, சீசனின் கடைசி நாள். அவர்கள் டீம் 5-3 என்று ஜெயித்துவிட்டது. இன்னொரு ஊரில் பேயர்ன் மியூனிக் தோற்றால் ஷால்கேதான் சாம்பியன். அங்கே ஹாம்பர்க் டீமின் செர்கெய் பார்பரஸ் 90-வது நிமிடத்தில் கோல் அடித்துவிட்டார் என்று செய்தி வந்தது. ஷால்கே மைதானத்தில் வாணவேடிக்கை, கட்டிப்பிடிப்பு, கண்ணீர். ரசிகர்கள் புல்வெளிக்குள் இறங்கிவிட்டார்கள்.

ஆனால் அங்கே ஆட்டம் முடியவில்லை. இஞ்சுரி டைமின் நாலாவது நிமிடத்தில் பேயர்னின் பாட்ரிக் ஆண்டர்சன் அடித்த ஃப்ரீ கிக் வலைக்குள் போனது. கோப்பையும் மியூனிக் போனது.

ஆனந்தக் கண்ணீர் அப்படியே துக்கக் கண்ணீராக மாறிய அந்த நாளுக்கு ரசிகர்கள் வைத்த பெயர், 'நாலு நிமிட சாம்பியன்'. இன்னொரு பட்டமும் உண்டு: 'இதயங்களின் சாம்பியன்'. அலமாரியில் வைக்க முடியாது. ஆனால் யாரும் திருப்பிக் கேட்கவும் முடியாது.

நின்றுபோன கடிகாரம்

அன்று பேயர்னுக்கு எதிராகக் கோல் அடித்த ஹாம்பர்க்கின் கதை இன்னும் விசேஷம். 1963-ல் பண்டஸ்லிகா தொடங்கிய நாளிலிருந்து ஒரு சீசன் கூடக் கீழே இறங்காத ஒரே டீம் அதுதான். 'டைனோசர்' என்பது செல்லப்பெயர். ஸ்டேடியத்தில் ஒரு பெரிய டிஜிட்டல் கடிகாரம். எத்தனை வருடம், எத்தனை நாள், எத்தனை மணி, எத்தனை நொடியாக முதல் டிவிஷனில் இருக்கிறோம் என்று காட்டிக்கொண்டே இருக்கும். எதிர் டீம்களின் ரசிகர்களுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

டைனோசர்களுக்கு என்ன ஆனது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். 2018 மே 12 அன்று ஹாம்பர்க் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. கடிகாரக் கணக்கு 54 வருடம், 261 நாளில் முடிந்தது. அடுத்து அதே கடிகாரத்தில், கிளப் தொடங்கி எத்தனை வருடம் என்று 1887-லிருந்து எண்ண ஆரம்பித்தார்கள்! கேலி தாங்காமல் மறுவருடம் கடிகாரத்தையே கழற்றிவிட்டார்கள்.

ஒரே வருடத்தில் மேலே வந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நாலாவது இடம், நாலாவது இடம், மறுபடியும் நாலாவது இடம். 2023 மே 28-ல் கதவு திறந்தது போலிருந்தது. சாண்ட்ஹவுசனில் ஹாம்பர்க் 1-0 என்று ஜெயித்தது. போட்டியாளரான ஹைடன்ஹைம் வேறு ஊரில் 2-1 என்று பின்தங்கியிருந்தது. ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். மைக்கில் வாழ்த்தே சொல்லிவிட்டார்கள். ஹைடன்ஹைமோ இஞ்சுரி டைமின் மூன்றாவது நிமிடத்தில் ஒரு கோல், ஒன்பதாவது நிமிடத்தில் இன்னொரு கோல் அடித்து மேலே ஏறிவிட்டது. ஹைடன்ஹைமின் மொத்த மக்கள்தொகை சுமார் 50 ஆயிரம். ஊரையே கூட்டி வந்து ஹாம்பர்க் ஸ்டேடியத்தில் உட்கார வைத்தாலும் நாற்காலி மிச்சமிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஹாம்பர்க் ரசிகர்கள் ஓடிப்போகவில்லை. இரண்டாம் டிவிஷன் ஆட்டத்துக்கு 50 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். சாகும்வரை ரசிகர் என்பது அந்த ஊரில் பேச்சுக்குச் சொல்வது அல்ல. ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே 2008 முதல் ஹாம்பர்க் ரசிகர்களுக்கென்று தனிக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் நுழைவாயில் கோல் போஸ்ட் வடிவத்தில் நிற்கிறது.

சாக்லேட் காசு

இதெல்லாம் வெறும் வேடிக்கை என்று நினைத்தால், 2024 பிப்ரவரியைப் பார்க்க வேண்டும்.

ஜெர்மன் லீகில் '50+1' என்று ஒரு விதி. எந்தக் கோடீஸ்வரர் வந்தாலும், கிளப்பில் பாதிக்கு மேற்பட்ட வாக்குரிமை உறுப்பினர்களான ரசிகர்களிடம்தான் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு கிளப்களுக்குத்தான் விலக்கு. டிக்கெட் விலை எகிறாமல், நின்றுகொண்டே ஆட்டம் பார்க்கும் கேலரிகள் காணாமல் போகாமல் இருப்பதற்கு இந்த விதியும் ஒரு காரணம்.

2023 டிசம்பரில் லீக் நிர்வாகம், தன் ஒளிபரப்பு வருமானத்தில் 8 சதவீதத்தை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு 20 வருடத்துக்கு விற்க முடிவெடுத்தது. 100 கோடி யூரோ வரை கிடைக்கும் என்றார்கள். டிவிக்காரர்களுக்கு வசதியான நேரத்தில்தான் இனி ஆட்டம் நடக்குமோ என்று ரசிகர்கள் பயந்தார்கள்.

முதலில் எல்லா ஊர்களிலும் ஆட்டத்தின் முதல் 12 நிமிடம் மௌனம். ரசிகர்தானே பன்னிரண்டாவது ஆட்டக்காரர்? அவர் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று காட்டினார்கள். பிறகு மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகள் பறந்தன. தங்கத் தாளில் சுற்றிய சாக்லேட் காசுகள் கொட்டின. 'உங்களுக்குக் காசுதானே வேண்டும், பொறுக்கிக்கொள்ளுங்கள்' என்று அர்த்தம். அடுத்து, ரிமோட்டில் ஓடும் பொம்மை கார்கள் புகையைக் கக்கிக்கொண்டு புல்வெளியில் சுற்றின. அதைத் துரத்திக்கொண்டு பாதுகாப்பு ஊழியர்கள் ஓட, ஆட்டமே நின்றது.

நாள் முழுக்கப் பந்து பொறுக்கிய லீக், பிப்ரவரி 21-ம் தேதி திட்டத்தையே கைவிட்டது. தோல்வியைப் பார்த்துச் சிரித்துப் பழகியவர்களைப் பணத்தைக் காட்டி மிரட்ட முடியவில்லை. கோப்பை இல்லாத கிளப்பையும் 'இது எங்களுடையது' என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையைத்தான் அன்று காப்பாற்றிக்கொண்டார்கள்.

சரி, அந்த டைனோசர் என்ன ஆனது?

2025 மே 10 அன்று உல்ம் டீமை 6-1 என்று நொறுக்கி, ஏழு வருடம் கழித்து ஹாம்பர்க் மேலே வந்தது. மறுபடியும் ரசிகர்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். நெரிசலில் பலர் காயப்பட்டது அந்த நாளின் சோகம். ஆனால் இந்த முறை வேறெந்த ஊரிலிருந்தும் கெட்ட செய்தி வரவில்லை.

ஆகஸ்ட்டில் பண்டஸ்லிகா தொடங்கியது. முதல் போட்டி 0-0. இரண்டாவது, அதே ஊரின் ஜென்மப் பகையாளியான சாங்க்ட் பாலியிடம் 0-2 தோல்வி. மூன்றாவது, பேயர்னிடம் 0-5. ஏழு வருடம் தவமிருந்து வந்த டீம், மூன்று போட்டியில் ஒரு கோல் கூட அடிக்கவில்லை.

நாலாவது போட்டியில் 2-1 என்று முதல் வெற்றி கிடைத்தது. தோற்ற டீம் எது என்கிறீர்களா? ஹைடன்ஹைம்!